காற்று வாங்கும் மீன்

சென்ற ஞாயிற்றுக்கிழமை வைட்ஃபீல்ட் மீன்கடையில், தொட்டி நீரில் நெளிந்துகொண்டிருந்த விரால்களை என் மகள் நெடுநேரம் நோக்கி நின்றாள். "தண்ணீரில் இருக்கிற மீன் எதற்கு அப்பா மேலே வந்து வந்து வாயைத் திறக்கிறது?" என்று வினவினாள். இவ்வூரிலேயே பிறந்து, ஏரி மீனைத் தட்டில் மட்டுமே கண்டவள் அவள். நம் சங்கத்து இல்லங்களில் அவளையொத்த குழந்தைகள் பலர் உளராதலின், அவளுக்குச் சொன்னதையே இம்மாதம் எழுதுகின்றேன்.

விராலுக்குச் செவுள் உண்டு. அது மட்டும் அதற்குப் போதாது. செவுளுக்கு மேலே, தலையினுள் ஓர் அறை இருக்கின்றது. விழுங்கிய காற்று அங்கே தங்க, அறையின் சுவரில் ஓடும் இரத்தம் பிராணவாயுவை ஏற்றுக்கொள்கின்றது. வலையில் சிக்கி மேலே வர இயலாமற் போனால் நீருக்குள்ளேயே மூச்சு முட்டி இறக்கும். மீன் நீரில் மூழ்கிச் சாவது விந்தையாயினும் உண்மையே. தோலின் ஈரம் காயாதவரை கரையில் மணிக்கணக்காக உயிரோடிருப்பதும், ஏரி வற்றினால் சேற்றில் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருப்பதும் இவ்வறையின் துணையால்தான். ரயில் பார்சல் பிரிவில் பனிக்கட்டிப் பெட்டிகளில் வரும் கடல் மீனை நாள்தோறும் பதிவு செய்யும் எனக்கு, ஈரச் சாக்கிலேயே உயிரோடு பயணம் செய்யும் இம்மீன்மேல் தனி மதிப்பு உண்டு.

2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். சாக்கடை கலந்து நீரில் பிராணவாயு குன்றினால், செவுளையே நம்பிய மீன்கள் மடியும். விரால் அதற்குத் தப்பும், நஞ்சுக்குத் தப்பாது.

பழந்தமிழர் இதனை வரால் என்றனர். 1793இல் ஜெர்மானிய அறிஞர் பிளாக், பாம்புத்தலை என்று பொருள்படும் பெயரை இட்டார். தலையின் பெருஞ்செதில்களைக் கண்டவர் அப்பெயரைக் குறை கூறார். குணமும் அதற்கேற்றதே. நீர்ப்பூண்டுகளிடையே அசையாது கிடந்து, தவளையோ கெண்டையோ அருகில் வந்ததும் பாய்ந்து கவ்வும்; தன்னினத்துச் சிறு மீனையும் விடாது. இதன் உறவாகிய சீன விரால் 2002இல் மேரிலாந்துக் குளமொன்றில் பெருகியிருக்கக் கண்ட அமெரிக்க அரசு, விரால் வகை அனைத்தையும் உயிரோடு இறக்குமதி செய்வதைத் தடுத்துவிட்டது.

இத்தகைய கொடிய மீன்தான் தன் குஞ்சுகளைக் கண்ணை இமை காப்பதுபோல் காக்கின்றது. ஆழமற்ற நீரில் பூண்டுகளை விலக்கி இடம் செய்து முட்டையிடும். மிதக்கும் அம்முட்டைகளைப் பெரும்பாலும் ஆண் மீனே காவல் காக்கும். இரண்டொரு நாளில் பொரிந்து, சிறிது வளர்ந்ததும் குஞ்சுகள் செந்நிறத் திரளாகத் திரியும். நீர்மேல் குங்குமம் கொட்டியது போலிருக்கும். அடியில் தந்தை நிற்கும்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். திருப்பத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊர் ஏரியில், அச்செந்திரளின் நடுவே தவளை கோத்த தூண்டிலை எறிய என் தாய்மாமன் கற்றுக்கொடுத்தார். பசியில்லாத விராலும் அவ்விடத்தில் கவ்வும். இரையென்று கவ்வுவதன்று, குஞ்சுகளுக்குப் பகையென்று கவ்வுவது. அகப்பட்டது என் கை நீளம் இருந்தது. அன்றைய குழம்பில் இரண்டு துண்டு கேட்டு வாங்கி உண்டேன். மறுநாட் காலையில் சென்று பார்த்தேன். குஞ்சுகள் அதே இடத்தில்தான் இருந்தன, சிறு திட்டாக. சுற்றிலும் குறவைகள் துள்ளிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் அங்கே நீர் மட்டுமே இருந்தது.

இதையும் மகளிடம் மறைக்கவில்லை. அவள் தொட்டியைக் காட்டி, "இவை குஞ்சு வைத்திருந்தவையா அப்பா?" என்றாள். கடைக்காரரைக் கேட்டேன். பண்ணையில் வளர்த்தவை என்றார். அதன் பிறகே ஒன்றை நிறுக்கச் சொன்னாள்.