மூச்சு வாங்குதா, சார்?

போன வாரம் எங்கள் ஆபீஸ் லிஃப்ட் மறுபடி மக்கர். அக்கவுண்ட்ஸ் இருப்பது நாலாவது மாடியில். புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர் (வயசு 27, சிகரெட் கிடையாது, பரோட்டா உண்டு) படியேறி வந்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை, காற்றுதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "லங்ஸ் வீக் சார். ஆக்ஸிஜன் பத்தலை" என்றார்.

2021-ல் வாங்கிய ஆக்ஸிமீட்டர் ஒன்று முதலுதவிப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. எடுத்து அவர் விரலில் மாட்டினேன். 97! "ஆக்ஸிஜன் அமோகமா இருக்கு தம்பி" என்றேன். நம்பவில்லை. மெஷின் மேல் சந்தேகப்பட்டார்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு தடவை மூச்சு விடுகிறோம். (இப்போது எண்ண ஆரம்பித்திருப்பீர்கள். எண்ணினால் கணக்கு கெட்டுப்போகும், விட்டுவிடுங்கள்.) ஒரு மூச்சுக்கு அரை லிட்டர், ஒரு பால் பாக்கெட் அளவு. அதிலும் 150 மில்லி, நுரையீரலின் காற்றுப் பைகள் வரை போவதே இல்லை. ஆபீஸுக்கு வந்து வராந்தாவிலேயே பேசிவிட்டு வீட்டுக்குப் போகிற சிலரைப் போல, மூச்சுக் குழாயோடு திரும்பிவிடுகிறது.

காற்றை இழுப்பது நுரையீரல் இல்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்று ஒரு தசை. அது சுருங்கிக் கீழே இறங்கினால் மார்புக்கூடு விரிகிறது, காற்று தானாக உள்ளே வருகிறது. வெளியே விடுவதற்கு உழைப்பே வேண்டாம். இழுத்த ரப்பர் விட்டால் சுருங்குகிற மாதிரி. ஓடும்போதுதான் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து காற்றைப் பிடித்துத் தள்ளுகின்றன. சும்மா இருக்கையில் நிமிஷத்துக்கு ஏழு லிட்டர் போய்வந்த காற்று, தலைதெறிக்க ஓடினால் நூறு லிட்டரையும் தாண்டும்.

உள்ளே முப்பது கோடிக்கு மேல் காற்றுப் பைகள். அத்தனையையும் பிரித்து விரித்தால் சுமார் 750 சதுர அடி. மேற்கு மாம்பலத்தில் ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட், ரிஜிஸ்ட்ரேஷன் செலவில்லாமல்! இவ்வளவு இடம் இருப்பதால்தான், உள்ளே போகும் காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்ஸிஜனில் முக்கால் பங்கை வேண்டாமென்று திருப்பி அனுப்புகிறோம். வெளியே வரும் காற்றில் இன்னும் 16 சதவீதம் இருக்கிறது.

அப்புறம் ஏன் மூச்சு வாங்குகிறது? கரியமில வாயுவால். தசை உழைத்தால் அது சேருகிறது. மூளையின் அடித்தண்டில் இருக்கும் ஒரு காவலாளி அதைத்தான் முக்கியமாகக் கவனிக்கிறான். ஆக்ஸிஜன் ரொம்பக் குறைந்தால்தான் அவனுக்கு அந்தப் பக்கம் ஞாபகம் வரும். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி, காற்றுப் புகாத பெட்டிக்குள் தன்னையே அடைத்துக்கொண்டு இதைச் சோதித்தார். கரியமில வாயு சேரச் சேர மூச்சு இரைத்தது. அதை மட்டும் அகற்றிவிட்டால், ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே போனாலும் அவ்வளவாக இரைக்கவில்லை. 1905-ல் ப்ரீஸ்ட்லி என்பவரோடு சேர்ந்து விவரமாக எழுதினார். (இவருடைய மகன்தான் இந்தியாவில் குடியேறி, 1964-ல் புவனேஸ்வரில் காலமான ஜே.பி.எஸ். ஹால்டேன்.)

இதைத் தெரிந்துகொள்ளாமல் நாங்கள் ஒருவனைக் கொல்லப் பார்த்தோம்.

ஊரில் எங்கள் மாமா தோட்டத்துக் கிணறு. யார் அதிக நேரம் தண்ணிக்குள் தம் கட்டுவது என்று பந்தயம். குதிப்பதற்கு முன்னால் முப்பது தடவை வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் ரொம்ப நேரம் இருக்கலாம் என்று ஒரு வித்தை. எங்களில் நன்றாக நீந்துகிறவன் அதைச் செய்து குதித்தான். நாங்கள் படிக்கட்டில் நின்று எண்ணினோம். "நூத்திப் பத்து, நூத்திப் பதினொண்ணு..." கைதட்டல் வேறு. நூற்று முப்பதைத் தாண்டியதும், தோட்ட வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு வேட்டியோடு குதித்தார். இழுத்து வந்தபோது பையன் நீலமாக இருந்தான். பிழைத்துக்கொண்டான்.

நடந்தது இதுதான். ரத்தத்தில் ஏற்கெனவே 97 சதவீதம் நிரம்பியிருக்கும் ஆக்ஸிஜன், முப்பது மூச்சால் பெரிதாக ஏறிவிடாது. ஆனால் கரியமில வாயு ஏகமாக வெளியேறிவிடும். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்ட மாதிரி. தண்ணிக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்துகொண்டே வரும். காவலாளி குரல் கொடுக்க மாட்டான். முட்டாது, திணறாது. விளக்கு அணைந்த மாதிரி மயக்கம். மயங்கினவனின் உடம்பு தானாக மூச்சை இழுக்கும், தண்ணியை! மேலே இருப்பவர்களோ இன்னும் தம் கட்டுகிறான் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிப் போயிருக்கிறார்கள். நீச்சல் குளத்திலும் இதே கதைதான்.

இளைஞர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் ஏன் சார் நாலு மாடிக்கே இப்படி ஆயிட்டேன்?"

குற்றவாளி இதயமும் காலும். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தம் அனுப்புகிற இதயம், அவசரத்துக்கு இருபது அனுப்ப வேண்டும். பழக்கமில்லாத காலோ ஆக்ஸிஜன் வந்துசேரும் முன்பே அமிலத்தைச் சேர்த்துவிடுகிறது. அமிலம் சேர்ந்தால் கரியமில வாயு இன்னும் கூடும். தினம் ஏறினால் சில வாரங்களில் இதயமும் காலும் கற்றுக்கொண்டுவிடும். நுரையீரல் ஒரு இன்ச் கூட வளராது, வளரவும் வேண்டாம். (நெஞ்சு வலித்தாலோ, சும்மா படுத்திருக்கையிலேயே இரைத்தாலோ சமாசாரம் வேறு. உடனே டாக்டர்.)

"நாளையிலேர்ந்து படிதான் சார்" என்று சபதம் செய்தார்.

வியாழக்கிழமை லிஃப்ட் சரியாகிவிட்டது. முதலில் ஏறி நின்றது அவர்தான். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நானும் ஏறிக்கொண்டேன்.