30 விநாடி கேப்... கபடியில் சூப்பர் ரெய்டர் கடைசியில் சிக்குவது ஏன்?

தேவதானம், ராஜபாளையம் தொடங்கி தென்மாவட்டங்கள் முழுக்க, திருவிழா என்றால் கபடிக்கும் ஒரு இடம் உண்டு. முதல் பாதியில் ரெண்டு, மூணு பேரைத் தொட்டுவிட்டு அசால்ட்டாகத் திரும்பும் பையன், கடைசி ஐந்து நிமிடத்தில் கோட்டுக்கு ஓரடி முன்னாடி மடக்கப்படுவான். "தம் இல்லப்பா" என்று கூட்டம் தீர்ப்பு சொல்லிவிடும். உண்மையில் அவனுக்குக் கிடைக்காமல் போனது ஓய்வு.

கணக்கு எப்படி?

ஆண்கள் கபடியில் 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள், நடுவில் 5 நிமிட இடைவேளை. ஒரு ரெய்டுக்கு அதிகபட்சம் 30 விநாடி. இரு அணிகளும் மாறி மாறிப் பாடிப் போகும். ஒரே ஆளைத் தொடர்ந்து அனுப்பினால், அவருக்குக் கிடைக்கும் கேப் 30 விநாடிதான். அதிலும் உட்கார முடியாது, கைகோத்து டிஃபென்ஸில் நிற்கணும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

வெடித்துக் கிளம்பும் ஓட்டத்துக்குத் தசைகள் நம்புவது கிரியேட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பை. முழு வேகத்தில் அது சில விநாடிகளிலேயே வேகமாகக் கரையும். பாதி அளவு திரும்ப நிரம்பவே சுமார் 30 விநாடி ஆகும், ஓரளவு முழுமையாக நிரம்ப 3 முதல் 5 நிமிடம் வேண்டும். அதாவது பாதி சார்ஜில் போனை எடுத்துக்கொண்டு கிளம்புற மாதிரி.

1993-ல் வெளியான லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சைக்கிள் கருவியில் 6 விநாடி முழு வேகம், 30 விநாடி ஓய்வு என 10 முறை. பத்தாவது முறை சராசரி பவர், முதல் முறையில் இருந்ததில் 73 சதவீதமாகக் குறைந்திருந்தது.

என்ன செய்யலாம்?

நடுவில் ஒரே ஒரு ரெய்டுக்கு வேறு ஆளை அனுப்பினாலே, மெயின் ரெய்டரின் கேப் 30-லிருந்து 90 விநாடி வரை கூடும். இரண்டு ரெய்டுக்கு அவரை நிறுத்தி, 'டூ ஆர் டை' ரெய்டுக்கு இறக்கினால் இரண்டரை நிமிடம் வரை கிடைக்கும்.

பயிற்சியிலும் இரண்டு வகை தேவை. வேகம் கூட வேண்டுமா? குட்டி ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 2, 3 நிமிட ஓய்வு. களைப்பிலும் தாக்குப்பிடிக்க வேண்டுமா? ஓய்வை 20, 30 விநாடியாகக் குறைக்கலாம். தினமும் இரண்டாவதை மட்டுமே செய்தால், மெதுவாக ஓடத்தான் உடம்பு பழகும்.

சேமிப்பு திரும்ப நிரம்ப ஆக்ஸிஜன் வேண்டும். அதனால் காலையில் ஓடும் நீண்ட ஓட்டமும் வீண் இல்லை. ஒரே மூச்சில் பாடித் திரும்பும் ரெய்டருக்கு, கோட்டைத் தொட்டதும் நன்றாக மூச்சு வாங்குவதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான்.

களைப்புக்குத் தண்ணீர் குறைவு, வெயில், பிடியில் வாங்கிய அடி என வேறு காரணங்களும் உண்டு. ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ், ரயில்வே வேலையைக் கனவு காணும் ஒரு பையனை, கடைசி ரெய்டை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடுவதற்கு முன், அதற்கு முந்தைய ரெய்டு எத்தனை விநாடிக்கு முன்னாடி என்பதையும் பார்க்கணும்.