கியர்ப் பெட்டியின் மேல் விழுந்த பழி

வகுப்பில் கூச்சல் எழுந்தால், விசாரணை இல்லாமலே கடைசிப் பெஞ்சுப் பையன் எழுந்து நிற்கவேண்டியிருக்கிறது. பழைய மோட்டார் வண்டிகளில் அந்தக் கடைசிப் பெஞ்சு ஸ்தானம் கியர்ப் பெட்டிக்கு வாய்த்திருக்கிறது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு இறக்கும்போது 'கர்ர்' என்று ஒரு சத்தம் வந்துவிட்டால் போதும். "பெட்டியை இறக்கிப் பிரித்துவிட வேண்டியதுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு ஆகும் செலவைக் கேட்டு வண்டியையே விற்றுவிட்ட குடும்பங்கள் உண்டு.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரிடம் பழைய பெட்ரோல் அம்பாஸிடர் ஒன்று இருக்கிறது. உத்தர்பாராத் தொழிற்சாலையில் அந்த வண்டியின் உற்பத்தி 2014-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. ஆனால் அவர் வீட்டில் அதற்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. வயதான தாயாரையும் பேரக் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போகவேண்டும் என்று புறப்பட்ட சமயத்தில்தான் மேற்படி தீர்ப்பு அவருக்கும் கிடைத்தது. ஏற்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள்! கியர் இறங்க மறுக்கும் வண்டியில் அங்கே போவது விளையாட்டல்ல.

கியர் இறக்குவது என்றால் என்ன என்பதைச் சற்றுக் கணக்காகப் பார்ப்போம். இந்த வண்டியில் ஒரே வேகத்தில் போகும்போது, மூன்றாவது கியரில் என்ஜின் நிமிஷத்துக்கு 2,000 தடவை சுற்றினால், இரண்டாவதில் ஏறக்குறைய 3,000 தடவை சுற்றவேண்டும். அந்த ஒன்றரை மடங்கு வேகத்தை யார் கொடுப்பது? பெட்டிக்குள் இருக்கும் வெண்கல வளையம் ஓரளவு கொடுக்கும். தேய்ந்துபோன பழைய வளையத்துக்கு அந்தச் சிரமத்தை வைக்காமல், கைதேர்ந்த ஓட்டுநர்கள் கிளச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளச்சை விட்டு ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துக் கியரைப் போடுவார்கள். அந்த ஒரு தட்டுக்கு என்ஜின் உடனே 'உம்' என்று எழும்பவேண்டும். எழும்பாமல் தயங்கினால் பல்லோடு பல் உராயும். சத்தம் வருவது பெட்டியில், குற்றம் கார்புரேட்டரில்!

ஆகையால் முதலில் பெட்டியை விசாரித்துவிட வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். அப்போதே முரண்டு செய்தால், ஸ்டியரிங் தண்டிலிருந்து பெட்டிக்குப் போகும் கம்பிகளும் அவற்றின் புஷ்களும் தேய்ந்திருக்கலாம். பிறகு என்ஜினை ஓடவிட்டு, கிளச்சை முழுதும் மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரத்தால் கிளச் சரியாக விடவில்லை, அல்லது சும்மா நிற்கும்போதே என்ஜின் அதிக வேகத்தில் ஓடுகிறது. பின்னதற்கு ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும். இறக்கத்தில் கியர் தானாகவே கழன்று விழுந்தால் மட்டும் சந்தேகம் வேண்டாம். அது பெட்டியின் வியாதியேதான்.

இனிக் கார்புரேட்டர். பழைய அம்பாஸிடர்களில் பெரும்பாலும் இருப்பது எஸ்.யு. என்னும் வகை. இங்கிலாந்தில் செருப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள் 1900-களின் தொடக்கத்தில் செய்தது. ஆதியில் அதற்குள் தோல் துருத்தி ஒன்று இருந்ததாம். குலத்தொழில் எங்கே போகும்! இப்போதுள்ளதில் துருத்திக்குப் பதில் ஒரு பிஸ்டன். காற்று அதிகமாக உறிஞ்சப்பட்டால் பிஸ்டன் மேலே எழும். அதன் அடியிலுள்ள கூம்பு ஊசியும் கூடவே எழும். ஜெட்டின் வாய் அகன்று பெட்ரோல் அதிகம் வரும். திடீரென்று ஆக்ஸிலேட்டரைத் தட்டும்போது மட்டும் பிஸ்டன் துள்ளி எழுந்துவிடக்கூடாது. எழுந்தால் காற்று மிஞ்சி என்ஜின் விக்கும். அதைத் தடுப்பதற்காக மேல் மூடியோடு சேர்ந்த சிறு தண்டு ஒன்று எண்ணெய்க்குள் அமிழ்ந்திருக்கிறது.

தாசில்தாரின் வண்டியில் அந்த மூடியைத் திருகி எடுத்தால், உள்ளே சொட்டு எண்ணெய் இல்லை. யாரோ சுத்தம் செய்தவர் ஊற்ற மறந்துவிட்டார். இலேசான என்ஜின் எண்ணெயை ஊற்றி, மூடியை மெல்லக் கீழே விட்டால், திருகு பிடிப்பதற்குக் கால் அங்குலம் இருக்கும்போது தடை தட்டுப்படவேண்டும். அதுதான் அளவு. அவ்வளவுதான் வைத்தியம். அன்று மாலையே கியர் சத்தமில்லாமல் இறங்கிற்று.

கலவையைச் சோதிப்பதும் கடினமல்ல. பிளக், தீப்பொறி முதலியவை சரியாக இருக்கின்றனவா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு பிஸ்டனை 1/32 அங்குலம் மட்டும் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். குறைந்து அணையப் பார்த்தால் போதாது. ஒரு கணம் இலேசாகக் கூடி மீண்டும் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஜெட்டின் அடியிலுள்ள ஆறு பட்டை நட்டை ஒரு தடவைக்கு ஒரு பட்டைக்கு மேல் திருப்பாதீர்கள். கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும்.

இக்காலத்தில் இதற்கு இன்னொரு அவசியமும் வந்திருக்கிறது. 2025 முதல் நம் நாட்டுப் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் சேர்கிறது. எத்தனாலில் பிராணவாயு கலந்திருப்பதால், முன்பு சரியாக இருந்த அளவு இப்போது மெலிந்துபோகிறது. நட்டைச் சற்று இறக்கவேண்டியிருக்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் அது அரிக்கும். கசியும் பெட்ரோல் சூடான என்ஜின்மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக நினைத்து நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய வண்டியின் டிரம் பிரேக்குகள் ஓயாமல் மிதித்தால் காய்ந்துவிடும். டிரம் விரிந்து, உள்ளே இருக்கும் பட்டையின் பிடி தளர்ந்து, பெடல் ஆழமாக இறங்கும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்குவது வழக்கமான முறை. தாசில்தாரின் குமாரர் இருபது வளைவுகளையும் இரண்டாவது கியரில் இறங்கி வந்து சேர்ந்தார். பாட்டி வழி நெடுகத் தூங்கிக்கொண்டு வந்தாளாம்.