நூறு மீட்டர் தள்ளி நில்லுங்கள்

லீவுக்குத் திமிங்கிலம் பார்க்க இலங்கை போகிறோம் என்றதும் வளவனூர் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: "நம்ம பாண்டியில இல்லாத கடலா தம்பி?"

கடல் இருக்கிறது, ஆழம்தான் கரைக்குப் பக்கத்தில் இல்லை. இலங்கையின் தென்கோடியில் மிரிஸ்ஸா, தெவுந்தர முனைப் பக்கம் கரையிலிருந்து சில கிலோமீட்டர் போனாலே கடலடி சட்டென்று சரிந்துவிடுகிறது. அதனால் நீலத் திமிங்கிலம் கரைக்கு அருகிலேயே வருகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே சீசன். மே மாதத்துக்குப் பிறகு என்றால் திருகோணமலை. அங்கே தமிழிலேயே பேரம் பேசலாம்.

விடியற்காலை படகு. வாந்தி மாத்திரை போட்டவர்கள் பிழைத்தார்கள், வீரம் பேசியவர்கள் பாலித்தீன் பையோடு உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெறும் நீர்தான். பிறகு படகுக்காரர் கை நீட்டிய திசையில் வெண்புகை எழுந்தது. அது பீய்ச்சும் தண்ணீர் அல்ல, மூச்சு. காற்று நம் பக்கம் அடித்ததால் அந்தச் சத்தமும் கேட்டது. பின்னாலேயே சாம்பல் நீலத்தில் ஒரு முதுகு வந்தது. முடியும் முடியும் என்று பார்த்தால் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வாலைத் தூக்கி உள்ளே இறங்கியது. செல்போனை எடுக்கலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த முறை அது மேலே வந்தபோது நிலைமை மாறியிருந்தது. நாலாபுறமும் படகுகள், டீசல் புகை, "இன்னும் கிட்டப் போங்க" என்ற கூச்சல். கூச்சலிட்டவர்களில் நம்மூர்க்காரர்களும் உண்டு. திமிங்கிலம் மூச்சை முழுதாக வாங்காமலே முங்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று இலங்கையில் 2012 முதல் விதி இருக்கிறது. நடுக்கடலில் அதை அளந்து பார்க்க யார் இருக்கிறார்கள்?

இந்தத் திமிங்கிலக் கூட்டத்துக்கு வேறு போக்கிடமும் கிடையாது. மற்ற கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் துருவப் பக்கம் போய் இரை தின்று திரும்பும். இவை ஆண்டு முழுவதும் நம் வெப்பக் கடலிலேயே மேய்கின்றன. 2003-இல் கடலில் மிதந்த செந்நிறக் கழிவைப் பார்த்து, இவை இங்கேயே இரை எடுக்கின்றன என்று ஊகித்தவர் இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ். 1960-களில் சோவியத் கப்பல்கள் இந்தக் கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கள்ளத்தனமாகக் கொன்றன. இப்போது சரக்குக் கப்பல்கள் மோதித் திமிங்கிலங்கள் சாகின்றன. உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான எம்.எஸ்.சி., 2022-இல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே, சுமார் 15 கடல் மைல் தள்ளிப் போகச் சொன்னது.

அவ்வளவு பெரிய சரக்குக் கப்பலே விலகிப் போகும்போது, உல்லாசப் படகு ஏன் மேலே ஏறப் பார்க்கிறது? படகுக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கிட்டப் போனால்தான் பயணிக்குத் திருப்தி, திருப்தி இருந்தால்தான் டிப்ஸ் என்பது அவர் கணக்கு. அதை மாற்றக்கூடியவர் காசு கொடுக்கும் நாம்தான்.

மிரிஸ்ஸாவோ திருகோணமலையோ போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "துரத்த வேண்டாம் அண்ணே, தள்ளி நின்னே பார்த்துக்கிறோம்."