விழிஞ்ஞம் வருவாயில் மீனவருக்கும் பங்கு வேண்டும்

கோவளத்தின் சுற்றுலாக் கடற்கரையை ஒட்டிக் கிடக்கிறது விழிஞ்ஞம். தலைமுறைகளாக வள்ளங்கள் இறங்கும் மீன்பிடித் துறை. அதன் பக்கத்திலேயே எழுந்த சரக்குப் பெட்டகத் துறைமுகத்தை 2025 மே 2 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இயற்கையிலேயே 18 மீட்டருக்குக் குறையாத ஆழம். பத்துக் கடல் மைல் தொலைவில் பன்னாட்டுக் கப்பல் தடம். கொழும்பில் கைமாறும் இந்தியச் சரக்கு இனி இங்கே கைமாறலாம். துறைமுகமே வேண்டாம் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. அதன் வருவாயில் யாருக்குப் பங்கு என்பதே கேள்வி.

அதானி குழுமத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறது. மத்திய அரசு 817.80 கோடி ரூபாய் தருகிறது; அதற்கு ஈடாக, 2034 முதல் கேரளத்துக்குக் கிடைக்கும் வருவாய்ப் பங்கில் 20 சதவீதத்தைப் பெற்றுக்கொள்ளும். பணம் போட்டவர்கள் கணக்குப் பார்த்துப் பங்கு வாங்குகிறார்கள். கடலை விட்டுக்கொடுத்தவர்களுக்கு மட்டும் ஏன் நிவாரணத்தோடு முடிகிறது?

அந்த நிவாரணமும் கேட்டவுடன் கிடைத்ததில்லை. கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் வலியதுறை சிமென்ட் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தன. 2022இல் நூறு நாள்களைத் தாண்டிய போராட்டம் தொடங்கிய பிறகுதான், மாதம் 5,500 ரூபாய் வாடகைப் பணம் என்ற பேச்சே வந்தது. கடலரிப்புக்குத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரே காரணம் என்கிறார்கள் மீனவர்கள். துறைமுகத் தரப்பு மறுக்கிறது. யார் சொல்வது சரி என்பதைக் கடற்கரை அளவீடுகள் காட்டிவிடும். அவற்றை ஆண்டுதோறும் ஊரறிய வெளியிடுவதில் என்ன தயக்கம்?

துறைமுகம் திறந்த மாதத்திலேயே அடுத்த அடி விழுந்தது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மே 25 அன்று கடலில் மூழ்கியது. அதிலிருந்தவை சுமார் 640 பெட்டகங்கள். அவற்றிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரி மாவட்டக் கரை வரை ஒதுங்கின. கப்பல் மூழ்கிய இடத்தைச் சுற்றி 20 கடல் மைலுக்கு மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. மற்ற இடங்களில் பிடித்த மீனையும் வாங்க ஆளில்லாமல் போனது.

கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றம் சென்றது. மூழ்கிய கப்பலுக்குரிய எம்.எஸ்.சி. குழுமத்தின் இன்னொரு கப்பலான அகிடெட்டா 2 விழிஞ்ஞத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டது. துணிச்சலான நடவடிக்கை, பாராட்ட வேண்டும். ஆனால் அந்தக் கோரிக்கையில் மீனவர்களின் பொருளாதார இழப்புக்கென்று குறிக்கப்பட்டது 526.51 கோடி, அதாவது நூறு ரூபாயில் ஐந்தரை ரூபாய். அதுவும் வழக்கு முடிந்த பிறகு.

எனவே கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டும். துறைமுக வருவாயில் மாநிலத்துக்கு வரும் பங்கில், மத்திய அரசுக்குக் கொடுக்கும் அளவாவது மீனவர் நிதியத்துக்குப் போக வேண்டும். எச்சரிக்கை விடுத்துக் கடலுக்குப் போகவிடாத நாள்களின் கூலி, அரிப்பில் போன வீடு, விபத்தால் முடங்கிய தொழில் எல்லாம் மனு போடாமலே அதிலிருந்து கிடைக்க வேண்டும். நிதியத்தை நடத்துவோரில் பாதிப்பேர் மீனவர்களாக இருக்க வேண்டும். 2034 வரை காத்திருக்கச் சொல்லாமல், மாநில அரசு தன் கருவூலத்திலிருந்து முன்பணம் போட்டு அதை இப்போதே தொடங்கலாம். பங்கு வரத் தொடங்கியதும் கழித்துக்கொள்ளட்டும்.