செத்தும் கொட்டும் சொறிமீன்

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். அந்த சீதக்காதி வாழ்ந்த கீழக்கரை பக்கத்துக் கடலில் செத்தும் கொட்டுகிற ஒரு ஜீவன் இருக்கிறது. நாம் ஜெல்லி மீன் என்கிறோம், கடற்கரைக்காரர்கள் சொறி என்கிறார்கள். என்னைக் கேட்டால் சொறிதான் சரியான பெயர். அது மீனே இல்லை. எலும்பு, மூளை, இதயம் எதுவும் கிடையாது. உடம்பில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். ஆனால் தொட்டால் என்ன ஆகும் என்பதைப் பெயரிலேயே எச்சரித்துவிட்டார்கள்!

இந்த வகையறாவில் பெரியண்ணன், வட அட்லாண்டிக், ஆர்க்டிக் குளிர்கடல்களில் வாழும் சிங்கப்பிடரி ஜெல்லி மீன். 1865-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலில் கிடைத்த ஒன்றுக்குக் குடை 7 அடி அகலம், இழைகள் 120 அடி நீளம். நம்ம மீனாட்சி கோயில் தெற்குக் கோபுர உயரத்தில் பாதிக்கும் மேலே!

2010-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் கடற்கரை ஒன்றில் இதில் ஒன்று செத்து, துண்டு துண்டாகி மிதந்தது. அந்தத் துண்டுகள் பட்டே சுமார் 150 பேர் கொட்டு வாங்கினார்கள். காரணம் எளிது. இழை முழுக்க நுண்ணிய கொட்டும் செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டி வைத்த விஷ ஊசி. அது பாய மூளை உத்தரவிட வேண்டியதில்லை, தொட்டாலே போதும். எனவே உயிர் போனாலும் ஊசி போவதில்லை.

மதுரைக்காரர்களுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரம்தான். கரை ஒதுங்கிய சொறியைக் குழந்தைகள் காலால் எத்துவதும், "செத்துப்போச்சுடா, தொட்டுப் பாரு" என்று பெரியவர்களே சொல்வதும் எனக்குப் பயமாக இருக்கிறது. பாம்பன் பக்கமுள்ள குருசடைத் தீவின் ஜெல்லி மீன்களைப் பற்றி மேனன் என்பவர் எழுதிய ஆய்வு 1936-லேயே வெளிவந்துவிட்டது. புத்தகத்தில் இருப்பது கரைக்கு வர இத்தனை வருடமா?

பட்டுவிட்டால் என்ன செய்வது? மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், மிச்சமிருக்கும் ஊசிகளும் பாயும். சிங்கப்பிடரிக்கு ஐஸ் வைப்பதும் கடல்நீரில் கழுவுவதும் கெடுதல், வினிகரும் 45 டிகிரி சூடும்தான் நல்லது என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. எல்லா இனத்துக்கும் ஒரே வைத்தியம் பொருந்தாது. நம்ம கடலில் பட்டால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போவதே உத்தமம்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. சுற்றுலாப் பயணிகள் இறங்கும் கடற்கரைகளில் தமிழில் ஒரு போர்டு. "செத்தாலும் கொட்டும். தொடாதே." மூன்றே வார்த்தை. பெயின்ட் செலவுதான்.