கொடை எந்தக் கரைக்கு?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி, கோவில்பத்து)

சென்னையில் பிறந்து, அமெரிக்காவில் தொழில் நடத்திப் பொருள் ஈட்டிய தமிழ்ப் பெண்மணி ஒருவர், 2015ஆம் ஆண்டில் பத்துக் கோடி டாலரை நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிக்கு வழங்கினார். பெயர் சந்திரிகா கிருஷ்ணமூர்த்தி தாண்டன். அவரும் கணவர் ரஞ்சன் தாண்டனும் சேர்ந்து அளித்த கொடை அது. புரூக்ளினில் 1854இல் தொடங்கிய அக்கல்லூரி இன்று அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. இருவரில் ஒருவரும் அங்குப் படித்தவர் அல்லர்.

“அந்தப் பணத்தில் நூற்றில் ஒரு பங்கு இங்கே வந்திருந்தால் எத்தனை பள்ளிகளுக்குக் கூரை போடலாம்!” இப்படிக் கேட்காதவர் யார்? எங்கள் வகுப்பிலும் ஒரு மதிய இடைவேளை முழுதும் இதே பேச்சாகத்தான் இருந்தது. பிறந்த மண்ணுக்குச் செய்யாமல் போன மண்ணுக்குச் செய்தது சரியா என்று தோழியர் இரண்டு கட்சியாகப் பிரிந்தனர். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அதனால் இரு பக்கமும் ஏச்சு வாங்கினேன். அன்று சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த அம்மையாரின் வரலாறு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வணிகவியல் படிக்க விரும்பினார். ஆண்கள் மிகுதியாகப் பயிலும் கல்லூரி என்பதால் தாயார் இசையவில்லை. மகள் உண்ணாநோன்பு இருந்தார். அவர் படித்த பள்ளியின் கன்னியாஸ்திரீ ஒருவர் தாயாரிடம் எடுத்துப் பேசிய பிறகே வழி பிறந்தது. பின்னர் அகமதாபாத்தில் மேலாண்மைப் படிப்பு, போர் நடந்துகொண்டிருந்த பெய்ரூட்டில் வங்கிப் பணி, அதன்பின் நியூயார்க். மெக்கின்சி என்ற பெரிய ஆலோசனை நிறுவனத்தில் பங்குதாரரான முதல் இந்திய அமெரிக்கப் பெண் அவரே. 1992இல் சொந்த நிறுவனம் கண்டார். 2025இல் இசைக்காகக் கிராமி விருதும் பெற்றார். இது பேச்சுக்கு இடையில் ஒரு சேதி. ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நம் பக்கத்துக் கல்வெட்டுகளையும் உபயப் பலகைகளையும் பாருங்கள். பெண் பெயர் வந்தால் “இன்னாரின் பாரியாள்” என்றே வரும். குழல்விளக்கு கொடுத்தவர் தம் பெயரை அதன் மேலேயே எழுதி வெளிச்சத்தை மறைத்த கோயில்களும் உண்டு. புரூக்ளின் கல்லூரிக்குப் பெயர் சூட்டியது மட்டும் வேறா என்று ஒரு தோழி மடக்கினாள். வேறில்லைதான்! ஆயினும் ஒரு பெண் தானே ஈட்டிய பொருளைத் தன் விருப்பப்படி வழங்குகிறாள் என்பதை ஊர் அறிய, அந்தப் பெயர் அங்கே இருக்கட்டும் என்பேன். தாம்பரத்தில் தாம் படித்த கல்லூரியையும் அவர் மறந்துவிடவில்லை. அங்கு வணிகப் பள்ளி ஒன்று பாய்டு என்ற பழைய முதல்வரின் பெயரோடு தாண்டன் பெயரையும் சேர்த்து நடக்கிறது.

இனி, போனவர்க்குக் கொடுப்பது வீண் என்ற வாதம். கிரேக்கரைப் பாருங்கள். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வணிகம் செய்த அவெரோஃப் என்ற கிரேக்கர் தந்த பணத்தில்தான், 1896இல் நடந்த ஒலிம்பிக்குக்காக ஏதென்சுப் பந்தய அரங்கம் புதுப்பிக்கப்பட்டது. அது போனவர் பிறந்த நாட்டுக்குக் கொடுத்தது. இன்றோ கிரேக்கக் கப்பல் அதிபர்களின் அறக்கட்டளைப் பணம், கனடா போன்ற நாடுகளில் குடியேறியோரின் பிள்ளைகள் கிரேக்கம் கற்கும் பல்கலைக்கழக மையங்களுக்குச் செல்கிறது. கொடை இரு திசையிலும் ஓடுகிறது. அவர்கள் முன்னோரைத்தான் நாம் யவனர் என்று அழைத்தோம். நமக்கு வடக்கே பூம்புகாரில் வந்து தங்கியவர்கள்.

தமிழரும் செய்யாமல் இல்லை. அதே 2015இல் ஆர்வர்டு தமிழ் இருக்கைக்கு மருத்துவர் இருவர் தலைக்கு ஐந்து இலட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கி வைத்தனர். தமிழ்நாடு அரசு 2017இல் பத்துக் கோடி ரூபாய் வழங்கியது. டொராண்டோ இருக்கைக்கு முப்பது இலட்சம் டாலர் 2021இல் நிறைந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. இந்தப் பணமெல்லாம் படித்துப் போனவர்கள் வாழும் ஆங்கில நகரங்களுக்கே போகிறதே! என் தந்தை கொத்தனார். நான்கு ஆண்டுகள் வெளிநாட்டில் கட்டட வேலை செய்தார். ஐந்து மாதச் சம்பளம் நின்றபோது அவருக்காகப் போய்க் கேட்க அங்கே ஒருவரும் இல்லை. இருக்கையைக் குறை சொல்லவில்லை. கடல் கடந்தவர் என்றால் அவரும் சேர்த்தியா என்றுதான் கேட்கிறேன்.

அவருக்கு முன்னே போனவர்களும் உண்டு. நம் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பிரெஞ்சுக்காரர் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றினர். இந்தியத் தொழிலாளரைக் கொண்டுபோன ‘ஓரேலி’ என்னும் கப்பல் 1853இல் மார்த்தினிக் தீவையும், 1854இல் குவாதலூப் தீவையும் அடைந்தது. ரெயூனியனுக்கும் கப்பல்கள் சென்றன. 1880களில் நிறுத்தப்படும் வரை இந்த ஏற்றுமதி நடந்தது. குவாதலூப்பில் பிறந்த சிதாம்பரோம் என்பவர், இந்தியர் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1904 முதல் 1923 வரை வழக்காடினார். அந்தப் பெயரைச் சற்றே மாற்றிச் சொல்லிப் பாருங்கள், சிதம்பரம்! அவர்கள் மாரியம்மனை மறக்கவில்லை. மொழியோ பெரும்பாலும் போய்விட்டது; பேசுவது பிரெஞ்சும் கிரியோலும்.

அவர்களுக்குத் தமிழ் சொல்லித் தர ஆர்வர்டால் ஆகுமா? டொராண்டோவால் ஆகுமா? பிரெஞ்சில் விளக்கித் தமிழ் கற்பிக்கக்கூடிய ஊர் உலகில் எத்தனை இருக்கிறது? நம் ஊர் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இன்றும் பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. அந்த வீட்டுப் பெரியவர்கள் இரு மொழியும் பேசுகிறார்கள். இன்னும் இருபது ஆண்டு கழிந்தால் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆகவே, சந்திரிகா அம்மையாரைப் போன்ற வணிகப் பெண்மணி எவரேனும் இந்த மலரைக் காண நேர்ந்தால் நான் வைக்கும் விண்ணப்பம் இதுதான். குவாதலூப்பிலிருந்தும் ரெயூனியனிலிருந்தும் ஆண்டுக்குப் பத்து மாணவர். கோடையில் இரண்டு மாதம். காரைக்காலில் தமிழ் வகுப்பு. விமானச் செலவு, தங்கும் செலவு, இரண்டு ஆசிரியர்க்கு ஊதியம். பணம் இந்தக் கரையில் செலவாகும். பயன் அந்தக் கரைக்குப் போகும். எங்கள் வகுப்பின் இரு கட்சிகளும் இதற்கு என்ன சொல்லும் என்று கேட்க ஆவலாயிருக்கிறேன். பத்துக் கோடி டாலர் வேண்டாம். இடமும் தேட வேண்டாம். கல்லூரி வகுப்பறைகள் கோடையில் பூட்டித்தான் கிடக்கின்றன.